ஆடிப் பதினெட்டுக்கு மூன்று நாள் முன்பு

புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் மேடம் என்று கடையிலிருந்து மூன்று முறை கூப்பிட்டுவிட்டார்கள். முதல் இரண்டு முறை முடியாது என்றேன். முட்டி வலி என்றேன், கண்ணில் புரை எடுத்து இன்னும் சரியாகவில்லை என்றேன். உண்மையான காரணம் அலுப்பு. இருபத்தாறு வருஷம் திருச்செங்கோட்டில் ஸ்கூட்டர் விற்றேன். தினமும் சேலத்திலிருந்து பஸ் ஏறிப் போய், பஸ் ஏறித் திரும்பினேன். இப்போது வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கிறேன். விற்பதைப் பற்றிப் பேச வாயே எழுவதில்லை.

வண்டியை எப்படிக் காட்டுவது, கடனுக்கு என்ன காகிதம் வாங்குவது, மூன்று நாளாக வராதவரை எப்படிக் கூப்பிட்டுப் பேசுவது, இதையெல்லாம் கம்பெனிக்காரர்கள் உங்களுக்குச் சொல்லித் தருவார்கள். என்னைவிட நன்றாகவே சொல்வார்கள். நான் ஒரே ஒரு வண்டியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். வெள்ளை ஸ்கூட்டர். மொத்தத்தில் முப்பது கிலோமீட்டர்கூட ஓடாமல் கடைக்குத் திரும்பி வந்த வண்டி.

கம்பெனியிலிருந்து வருஷத்துக்கு ஒருமுறை பயிற்சி கொடுக்க ஒருவர் வருவார். திரையில் படம் காட்டுவார். அதில் ‘வாடிக்கையாளரின் பண்பாடு’ என்று ஒரு பக்கம் உண்டு. ஆடி: விற்பனை மந்தம். ஆயுத பூசை, தீபாவளி, தை: விற்பனை அதிகம். அதோடு அந்தப் பக்கம் முடிந்துவிடும். நாங்கள் தலையாட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவோம். கடைக்குள் நடப்பது வேறு. கறுப்பு வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து தொட்டுப் பார்த்துவிட்டு, முதல் வண்டி கறுப்பு வேண்டாமுங்க என்று நீலத்துக்குக் கை காட்டுவார்கள். நம்பரைக் கூட்டினால் எட்டு வரக்கூடாது. வண்டி தெற்குப் பார்த்து நின்றால் திருப்பி நிறுத்தச் சொல்வார்கள். சங்ககிரியில் ஏழு லாரி வைத்திருந்த ஒருவர், மகளுக்கு ஒரு ஸ்கூட்டர் எடுக்க வந்துவிட்டு, எந்த நேரத்தில் சாவி வாங்குவது என்று வீட்டுக்கு நாலு முறை போன் போட்டார்.

எனக்கு இதெல்லாம் உள்ளுக்குள் சிரிப்பாக இருக்கும். நான் கத்தோலிக்கக் குடும்பம். எங்கள் வீட்டில் தவக்காலத்தில் அப்பா புதுச் சட்டைகூட எடுக்கமாட்டார். ஈஸ்டருக்கு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்பார். அது பக்தி என்று நினைத்தே வளர்ந்தேன். இவர்கள் நாள் பார்ப்பது மூடத்தனம் என்று நினைத்தேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க எனக்குத் தோன்றியதே இல்லை.

ஜூலை மாதக் கடைசி எப்போதும் ஆடிக்குள்தான் விழும். அது நம் தொழிலின் தலையெழுத்து. நம் பக்கத்தில் ஆடியில் யாரும் புது வண்டி எடுக்கமாட்டார்கள். ஆனால் ஆடிப் பதினெட்டு மட்டும் விதிவிலக்கு. அன்றைக்குக் காவிரியில் குளித்துக் கும்பிட்டுவிட்டு நேராகக் கடைக்கு வருவார்கள். அந்த நாள் ஆகஸ்ட் இரண்டிலோ மூன்றிலோ வரும். கம்பெனியோ ஜூலை முப்பத்தொன்றோடு மாதக் கணக்கை மூடிவிடும். இடையில் இருக்கிற அந்த இரண்டு மூன்று நாளுக்காக நான் பார்த்த மேனேஜர்கள் எல்லோரும் நகம் கடித்திருக்கிறார்கள்.

அந்த வருஷம் ஜூலைக் கடைசி செவ்வாய்க்கிழமை. ஆடிப் பதினெட்டு வெள்ளிக்கிழமை. மாத இலக்கைத் தொட ஒரே ஒரு வண்டி குறைந்தது. மேனேஜர் காலையில் வந்ததும் என்னை அழைத்தார். ஷோரூமில் விற்பனையைக் கவனிக்க ஒரு ஃப்ளோர் இன்சார்ஜ் போடப்போகிறார்கள், உங்கள் பெயரைத்தான் எழுதி அனுப்பியிருக்கிறேன் என்று போன வாரமே சொல்லியிருந்தார். அதை மறுபடி சொல்லவில்லை. “ஒண்ணே ஒண்ணுதான் மேடம், பாருங்க” என்று மட்டும் சொன்னார்.

பதிவுப் புத்தகத்தைப் புரட்டினேன். ஆடிப் பதினெட்டுக்கு வண்டி கேட்டவர்கள் எட்டுப் பேர். அதில் ஒருத்தி சுகன்யா.

சுகன்யாவுக்கு முப்பது வயது இருக்கும். பிறந்த ஊர் குமாரபாளையம், அப்பா தறி வைத்திருந்தார். திருச்செங்கோட்டிலிருந்து மூன்று கிலோமீட்டர் தள்ளி ஒரு ஊரில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். கணவன் மணி ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டியில் வேலை பார்த்தான். அப்போது ஆந்திராவில் அனந்தபூர் பக்கம் போயிருந்தான். வீட்டில் இவளும் மாமியார் பாவாயியும்தான். சுகன்யாவுக்கு ஒரு தனியார் பள்ளியில் டீச்சர் வேலை கிடைத்திருந்தது. ஆகஸ்ட் ஒன்றாம் தேதி சேரவேண்டும். பள்ளி பதின்மூன்று கிலோமீட்டர். போக இரண்டு பஸ், அதில் ஒன்று நேரத்துக்கு வராது. அதற்காகத்தான் வண்டி.

யாரைக் கூப்பிட்டால் மசிவார்கள் என்று எனக்குத் தெரியும். இத்தனை வருஷம் அதற்குத்தானே சம்பளம். சுகன்யாவைக் கூப்பிட்டேன். ஒரு கையெழுத்து பாக்கி இருக்கிறது, வந்துவிட்டுப் போங்கள் என்றேன். பதினொரு மணிக்கு வந்தாள்.

வெள்ளை வண்டியைத் துடைத்து முன்னால் நிறுத்தியிருந்தேன்.

“நாளைக்கே பள்ளிக்கூடம் போகணுமில்லைங்க? வண்டி ரெடியா இருக்கு. இன்னைக்கே எடுத்துட்டுப் போயிடுங்களேன்.”

“இன்னைக்குங்களா? ஆடிப் பதினெட்டுக்குத்தான்னு அத்தை சொல்லியிருக்காங்க அக்கா.”

“மூணு நாளுதானே வித்தியாசம்?”

“இன்னைக்குச் செவ்வாக்கிழமை வேறங்க.”

“செவ்வாக்கிழமைக்கு என்னங்க? புது வேலைக்கு முத நாளே லேட்டாப் போனா நல்லாவா இருக்கும்? நாள்ல என்னங்க இருக்கு. நீங்க படிச்ச பொண்ணு, நீங்களே இப்படிச் சொன்னா எப்படி?”

இந்தக் கடைசி வாக்கியத்தைக் கவனியுங்கள். ‘நீங்க படிச்ச பொண்ணு.’ உங்களிலும் பாதிப் பேர் இதைச் சொல்லத்தான் போகிறீர்கள். ரொம்ப நன்றாக வேலை செய்யும். அதற்குமேல் நாள் பார்த்தால் தான் படிக்காதவள் ஆகிவிடுவோமே என்று எதிரில் இருப்பவளுக்குக் கூச்சம் வந்துவிடும். சுகன்யா வண்டியைச் சுற்றி வந்தாள். கைப்பிடியைத் தொட்டாள். அப்புறம், “சரிங்க அக்கா, போடுங்க” என்றாள்.

வீட்டில் கேட்டுக்கொள்கிறீர்களா என்று நான் கேட்கவில்லை. கேட்டால் கேட்டுவிடுவாளே.

எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்துக்கு அடியில் நானே வைத்தேன். கற்பூரத்தையும் நானே காட்டினேன். மேனேஜர் கை தட்டினார். இலக்கைத் தொட்டாயிற்று. சாயந்திரம் எல்லோருக்கும் பஜ்ஜி வாங்கித் தந்தார். நானும் இரண்டு தின்றேன்.

வெள்ளிக்கிழமை, ஆடிப் பதினெட்டு. கடை கல்யாண வீடு மாதிரி இருந்தது. முன்னால் ஏழு வண்டிகள் மாலையோடு நின்றன. ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு குடும்பம், புதுத் துணி, குழந்தைகள், இனிப்புப் பெட்டி. பத்தரை மணிக்கு மேல் சாவி வாங்குவதற்காகக் காத்திருந்தார்கள். நான் ஒரு கையில் சாவிக் கொத்தும் இன்னொரு கையில் தட்டுமாக நடந்துகொண்டிருந்தேன்.

அப்போதுதான் தெருவில் அவர்களைப் பார்த்தேன். சுகன்யா அந்த வெள்ளை ஸ்கூட்டரைக் கைப்பிடியைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு வந்தாள். பின்னாலிருந்து ஒரு அம்மா இரண்டு கையாலும் அழுத்தித் தள்ளினார். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். இரண்டு பேருக்கும் முகமெல்லாம் வியர்வை. இரண்டு மூன்று பெண்கள் கூட நடந்து வந்தார்கள். பக்கத்தில் ஒரு பைக்கை உருட்டாத குறையாக மெதுவாக ஓட்டிக்கொண்டு ஒரு ஆள் வந்தான்.

நான் ஓடிப் போனேன். “பெட்ரோல் தீந்துடுச்சுங்களா? ஸ்டார்ட் ஆகலீங்களா?”

சுகன்யா நிமிர்ந்து பார்க்கவில்லை. அந்த அம்மாதான் பேசினார். அவர்தான் பாவாயி.

“வண்டியில ஒரு கோளாறும் இல்லீங்க சாமி. திருப்பிக் குடுக்க வந்திருக்கறோம்.”

விஷயம் அவர் வாயிலிருந்தே வந்தது. புதன்கிழமை சுகன்யா புது வண்டியில் பள்ளிக்குப் போய் வேலையில் சேர்ந்தாள். அன்று மத்தியானம் அனந்தபூரிலிருந்து போன். ரிக்கில் பைப்பைத் தூக்கும்போது கயிறு அறுந்து, பைப் மணியின் வலது கையில் விழுந்துவிட்டது. மூன்று விரல் போய்விட்டது. அங்கேயே ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். மணியின் மாமன் ஒருவர் கிளம்பிப் போயிருந்தார்.

மேனேஜருக்கு முகம் வெளுத்துவிட்டது. மாலை போட்ட ஏழு வண்டிக்குப் பக்கத்தில் நின்று இந்தப் பேச்சு நடந்தால் என்ன ஆகும் என்பது அவர் கவலை. “பின்னாடி சர்வீஸ் பக்கம் கூட்டிட்டுப் போய்ப் பேசுங்க மேடம்” என்று காதோரம் சொன்னார். வண்டியோடு கூட்டிப் போனேன். கூட வந்தவர்கள் முன்னாலேயே நின்றுவிட்டார்கள்.

பின்பக்கம் ஒரு பெஞ்சில் இருவரையும் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தேன். அதற்கப்புறம் நான் செய்தது இரண்டாவது தவறு. நியாயம் பேசினேன்.

“அம்மா, உங்க பையனுக்கு நடந்தது எனக்கும் வருத்தமாத்தான் இருக்கு. ஆனா அங்க பைப் விழுந்ததுக்கும் இங்க வண்டி எடுத்ததுக்கும் என்னங்கம்மா சம்பந்தம்?”

பாவாயி அம்மா என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். ஒன்றும் தெரியாத பிள்ளையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

“சம்பந்தமில்லைன்னு எனக்குந் தெரியுமுங்க சாமி. கயிறு அத்துப்போச்சு, விழுந்துபோச்சு. அதுக்கு இந்த வண்டி என்ன பண்ணும்? ஆனா ஊருல என்ன பேசறாங்கன்னு தெரியுமுங்களா? செவ்வாக்கிழமை, ஆடி மாசம், மருமவ தன்னிச்சைக்கு வண்டி எடுத்தா, மறா நாளே புருசன் கை போச்சுங்கறாங்க. பங்காளி ஊட்ல வந்து, எங்க ஊட்டு வாசல்லயே நின்னுக்கிட்டு இவ காதுபடப் பேசறாங்க. நல்ல நாள் பாத்து எடுத்திருந்தா, விதி அப்படின்னு எல்லாரும் அழுதுட்டுப் போயிருப்பாங்க. இப்பப் பேசறதுக்கு இவ பேரு கெடைச்சுப் போச்சு.”

சுகன்யா அழவில்லை. அடிபட்டதிலிருந்து இரண்டு நாளாக அழுது முடித்திருப்பாள் போல.

“அவன் ஊட்டுக்கு வர இன்னும் பத்து நாளாகும்” என்றார் பாவாயி. “வெரலில்லாம வருவான். அவங்கிட்டயும் இதைத்தான் சொல்லுவாங்க. நாளெல்லாம் சொன்னா அவனுக்கும் ஒரு நாளைக்குத் தோணிப்போடும். அதுக்குள்ள இந்த வண்டி ஊட்ட உட்டுப் போனதை ஊரு பாக்கோணும். பழி வண்டியோட போயிரட்டும். அதுக்குத்தான் பைபாஸ்ல வராம தேர்வீதி வழியாத் தள்ளிக்கிட்டு வந்தோம்.”

நான் அந்த நிமிஷம்வரை அவரைக் கொடுமைக்கார மாமியார் என்றே நினைத்திருந்தேன். மருமகளைத் தெருத்தெருவாக அவமானப்படுத்திக் கூட்டி வந்திருக்கிறார் என்று நினைத்திருந்தேன். மருமகளைக் காப்பாற்றத்தான் அந்த அம்மா மூன்று கிலோமீட்டர் வண்டி தள்ளி வந்திருந்தார்.

நாள் பார்ப்பது எதற்கு என்று எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. நல்லது நடக்கும் என்ற நம்பிக்கையும் அதில் இருக்கலாம். ஆனால் நாளைக்கு ஏதாவது கெட்டது நடந்தால் வீட்டில் ஒருத்தர் தலையில் அது விழாமல் இருக்கவும்தான் நாள் பார்க்கிறார்கள். எல்லோருமாகப் பார்த்துச் சேர்ந்து குறித்த நாளில் எடுத்த வண்டி எல்லோருடையது. அந்தப் பாதுகாப்பை நான் சுகன்யாவின் தோளிலிருந்து எடுத்துவிட்டு, ‘நீங்க படிச்ச பொண்ணு’ என்று தனியாக நிறுத்திவிட்டேன். இதெல்லாம் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து யோசித்ததா, பிறகு பஸ்ஸில் போகும்போது யோசித்ததா என்று இப்போது சரியாகச் சொல்ல முடியவில்லை.

மேனேஜரிடம் போய்க் கேட்டேன். முடியாது என்றார். பில் போட்டு, இன்சூரன்ஸ் எடுத்து, பதிவுக்கும் போன வண்டியை எந்தக் கடையும் திரும்ப எடுக்காது. அவர் சொன்னதிலும் தப்பில்லை. “அப்படியே பின் கேட் வழியா அனுப்பிடுங்க மேடம். வண்டியை இங்க நிறுத்திக்கறோம், அப்புறம் யாருக்காவது வித்துக் குடுத்துக்கலாம்னு சொல்லுங்க” என்றார்.

திரும்பி வந்து அதைச் சொன்னேன். பாவாயி அம்மா தலையை ஆட்டினார்.

“பொறகால வாங்கிக்கிட்டா யாருக்குத் தெரியுமுங்க? முன்னாலதான் வாங்கோணும்.”

முன்னால் ஏழு குடும்பம் நிற்கிறது. நல்ல நேரம் ஓடிக்கொண்டிருக்கிறது. மேனேஜர் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்சார்ஜ் வேலைக்கு என் பெயர் எழுதிப் போயிருக்கிறது. நான் வண்டியின் கைப்பிடியைப் பிடித்தேன். பிடித்துத் தள்ளிக்கொண்டு, கடையைச் சுற்றி முன்பக்கம் வந்தேன். இருவரும் பின்னாலேயே வந்தார்கள்.

பைக்கில் வந்த ஆள் மணியின் பெரியப்பா மகன். கடை வாசலில் காலை அகட்டி நின்றுகொண்டிருந்தான். எல்லோருக்கும் கேட்கிறபடி, “படிச்சவங்க நாளு கெழமை பாக்கமாட்டாங்களே. இப்ப அனுபவிக்கறது யாரு?” என்றான்.

“நாளு கெழமை பாக்காதது நானுங்க” என்றேன்.

எல்லோரும் திரும்பினார்கள். வண்டியின் கைப்பிடியை விடாமலே சொன்னேன்.

“அவங்க ஆடிப் பதினெட்டுக்குத்தான் வண்டி கேட்டாங்க. புத்தகத்துல எழுதியிருக்கு, வேணும்னா பாத்துக்கோங்க. நான்தான் போன் பண்ணி வரவச்சேன். வேண்டாம் வேண்டாம்னுதான் சொன்னாங்க. நான்தான் விடாம வற்புறுத்தி பில்லைப் போட்டுச் சாவியைக் கையில குடுத்தேன். நான் வேதக்காரி. எனக்கு ஆடியும் தெரியாது, செவ்வாயும் தெரியாது. தப்பு என்னோடது. வண்டியை நான் எடுத்துக்கறேன். பணத்தைக் குடுத்துட்டு என் பேருக்கே மாத்திக்கறேன்.”

வேண்டாம் வேண்டாம் என்று சுகன்யா அத்தனை முறை சொல்லவில்லை. ஒரு முறை, இரண்டு முறை, அதுவும் மெதுவாக. அந்தப் பொய்யைச் சொன்னதற்கு நான் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யவில்லை, இனியும் செய்யப்போவதில்லை.

கூட்டத்தில் ஒரு பெரியம்மா, “வேதக்காரங்களுக்கு இதெல்லாம் எங்கீங்க தெரியும்?” என்றார். கூட வந்த பெண்களில் ஒருத்தி, “அதானே, இந்தப் புள்ள என்ன பண்ணும் பாவம், அவங்க போட்டுக் குடுத்துட்டாங்க” என்றாள். காற்று திரும்பியது கண்ணுக்கே தெரிந்தது. அந்த ஆள் எச்சில் துப்பிவிட்டு பைக்கை உதைத்துக் கிளம்பிப் போனான். பாவாயி அம்மா வண்டியின் சீட்டில் ஒரு கையை வைத்துக் கும்பிட்டுவிட்டு, “வா அம்முணி” என்று மருமகள் தோளைத் தொட்டார். சுகன்யா போகும்போது ஒரு முறை திரும்பிப் பார்த்தாள். என்னையா வண்டியையா என்று தெரியவில்லை. அந்த வண்டி அவளுக்கு வேண்டியிருந்தது. அதை நீங்கள் மறந்துவிடக் கூடாது. அடுத்த திங்கட்கிழமை முதல் அவள் இரண்டு பஸ் மாறித்தான் வேலைக்குப் போனாள்.

இதற்கு எனக்கு ஆனதையும் சொல்கிறேன், இல்லாவிட்டால் ஏதோ பெரிய காரியம் செய்ததுபோல ஆகிவிடும். அன்று ஏழு குடும்பத்தில் மூன்று குடும்பம், சாவியை வேறு யாராவது கொடுக்கட்டும் என்று சொல்லிவிட்டது. அதற்கப்புறம் நாலைந்து வருஷம், நல்ல நாட்களில் என் பக்கம் ஆள் வருவது குறைந்தது. அந்தம்மா நாள் பாக்காத அம்மா என்று பெயர். இன்சார்ஜ் வேலை என்னைவிட இளையவர் ஒருவருக்குப் போனது. மேனேஜர் முகத்தைத் தூக்கிக்கொண்டு நின்றார், அப்புறம் அவரும் மாற்றலாகிப் போய்விட்டார். கசப்பு இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய்.

வண்டி சேலத்துக்கு வந்தது. எனக்கு ஓட்டத் தெரியாது. ஐம்பது வயதுக்கு மேல், எங்கள் கோயில் மைதானத்தில் என் கணவர் பின்னால் ஓடிவரக் கற்றுக்கொண்டேன். அதற்கு முன்னால் இன்னொன்று செய்தேன். வண்டி வந்த அன்று அதில் ஏற எனக்கு மனம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பங்குச் சாமியாரைக் கூப்பிட்டு, மந்திரித்துத் தீர்த்தம் தெளிக்கச் சொன்னேன். அவர் தெளித்த பிறகுதான் சீட்டில் உட்கார்ந்தேன். நாளில் என்ன இருக்கிறது என்று கேட்டவள் நான். வீட்டுக்கு உருட்டிக்கொண்டு போகும்போது எனக்கே வெட்கமாக இருந்தது.

நான் வேலையிலிருந்து நிற்பதற்கு முந்தின தை மாதம். ஒரு புதன்கிழமை காலை மூன்று பேர் கடைக்குள் வந்தார்கள். முதலில் அடையாளம் தெரியவில்லை. அந்த மனிதனின் வலது கையைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. மணி. கட்டை விரலும் சுண்டு விரலும் மட்டும் இருந்தன. ரிக் வேலையை விட்டுவிட்டு, போர்வெல் மோட்டார் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான் என்று பாவாயி அம்மா சொன்னார். நன்றாக இளைத்திருந்தார். சுகன்யா கொஞ்சம் சதை போட்டிருந்தாள். அதே பள்ளியில்தான் இன்னும் வேலை. நாள் குறித்துக்கொண்டு, கலரும் முடிவு செய்துகொண்டு, மூன்று பேரும் ஒன்றாக வந்திருந்தார்கள். சிவப்பு.

பாவாயியும் மணியும் கவுன்ட்டரில் காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது சுகன்யா என்னோடு வண்டி நிற்கிற இடத்துக்கு வந்தாள். கண்ணாடியைத் துடைப்பதுபோல் நின்றுகொண்டு பேசினாள்.

“அக்கா, ஒண்ணு சொல்லணும். அன்னிக்கு நீங்க போன் பண்ணுனப்ப நான் பொடவை கட்டிட்டு, செருப்பு மாட்டிட்டு, பஸ் ஸ்டாப்புக்குக் கெளம்பிட்டேன். இங்கதான் வரலாம்னு கெளம்பினேன். முத நாள் வேலைக்கு பஸ்ஸுல தொங்கிட்டுப் போகக் கூடாதுன்னு மனசுல வச்சுட்டேன். அத்தை பேரைச் சொன்னதெல்லாம் ஒரு பேச்சுக்குத்தான். நீங்க கூப்பிடாட்டியும் நான் வந்து எடுத்திருப்பேங்க.”

கண்ணாடியிலிருந்து கையை எடுக்காமலே மேலும் சொன்னாள்.

“அன்னிக்கு எல்லார் முன்னாடியும் நீங்க பழியை எடுத்துக்கிட்டீங்க. நான் வாயைத் தொறக்கலை. இத்தனை வருசம் தொறக்கலை.”

இத்தனை வருஷமும் நான் சுமந்ததில் பாதி என்னுடையது இல்லை என்று ஆகிறது. கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன், வரவில்லை. பாரம் இறங்கியதா என்றால் அதுவும் இல்லை. அவள் தானாக வந்திருந்தாலும் நான் என்ன செய்திருப்பேன்? வீட்டில் சொல்லிவிட்டீர்களா என்று கேட்டுத் திருப்பி அனுப்பியிருப்பேனா? ஒரு வண்டி குறைந்த அந்தச் செவ்வாய்க்கிழமையில்? சந்தோஷமாகப் பில் போட்டிருப்பேன்.

“இதை வேற யார்கிட்டயும் சொல்லிடாதீங்க சுகன்யா” என்றேன். “அவருகிட்டயும் வேண்டாம். அது என் பேர்லயே இருக்கட்டும்.”

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அதற்குள் அந்தப் பக்கம் பேச்சு கேட்டது. அப்போதைய மேனேஜர் சாவியை எடுத்துக்கொண்டு வர, பாவாயி அம்மா கையை நீட்டித் தடுத்தார்.

“நீங்க வேண்டாமுங்க. அந்த வேதக்காரம்மா குடுக்கட்டும்.”

மேனேஜர் என்னைப் பார்த்தார். சாவி என் கைக்கு வந்தது. எலுமிச்சம்பழம் சக்கரத்துக்கடியில் இருந்தது, கற்பூரம் தட்டில் இருந்தது. மூன்று பேரும் வண்டியைச் சுற்றி நின்றார்கள். நான் சாவியை நீட்டப் போனேன், அப்புறம் நிறுத்திக்கொண்டேன்.

“எத்தனை மணிக்குங்கம்மா நேரம்?”

“பத்தரைக்கு மேலீங்க சாமி.”

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். இன்னும் பதினொரு நிமிஷம் இருந்தது. அந்தப் பதினொரு நிமிஷமும் நாங்கள் நாலு பேரும் சேர்ந்து காத்து நின்றோம்.